ஹுமாயூனுக்கு நான் கொடுத்த பேனர்

எங்கள் மருதையாறு சேவைச் சங்கம் வருடா வருடம் ஒரு மலர் போடும். அதில் 'நம்மோடு நடந்தவர்' என்று ஒரு பக்கம். இந்த வருடம் அந்தப் பக்கத்துக்கு லப்பைக்குடிக்காடு ஹுமாயூனைப் பற்றி எழுதச் சொன்னார் தலைவர் அசோக். "ஒரே பக்கம்தான் பெனடிக்ட். போட்டோவுக்கு இடம் விட்டு எழுதுங்க" என்றார்.

எழுதினேன். 'தன்னலமற்ற', 'இன்முகம் மாறாத', 'சேவைச் செம்மல்' என்று அரைமணி நேரத்தில் பக்கம் நிரம்பிவிட்டது. நிரம்பாமல் என்ன செய்யும்? பெரம்பலூரில் பதினாறு வருடமாக ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்த நாளுக்கும் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் போடும் சொற்களெல்லாம் என் கம்ப்யூட்டரில் தயாராகக் கிடக்கும். எழுதியதை ஒருமுறை வாசித்தேன். உடம்பு கூசியது. அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக எழுதியதுதான் இது. இது மலரில் வராது.

ஹுமாயூனுக்கு இப்போது ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, உயரம். பேசும்போது ஆளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசுவார். அவருடைய அத்தா ஊர் ஊராகச் சைக்கிளில் போய் வளையல் விற்றவர். ஹுமாயூன் பத்தாவது முடித்ததும் லாரி கிளீனர், பிறகு டிரைவர், இருபத்து மூன்று வயதில் சவூதி. அங்கே தண்ணீர் டேங்கர் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து, மனைவி ஜன்னத்தையும் மகள் ஃபைஸாவையும் பார்த்துவிட்டுப் போவார். 2020 பிப்ரவரியில் வந்தவர் திரும்பிப் போக முடியவில்லை. விமானம் நின்றது, விசாவும் முடிந்தது. பழைய குட்டி யானை வண்டி ஒன்றை வாங்கி, குன்னம் பக்கத்துக் காடுகளிலிருந்து சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோகும் வேலையில் இறங்கினார்.

அந்த ஆண்டு ஜூலையில் ஒரு நாள் வெங்காயம் ஏற்றப் போன ஊரில், சுடுகாட்டுக்கு வெளியே ஓர் ஆம்புலன்ஸ் நின்றிருக்கிறது. உள்ளே கொரோனாவில் இறந்த ஓர் ஆள். ஊர்க்காரர்கள் வழி மறித்து நிற்கிறார்கள். பெற்ற மகன் தூரத்தில் நின்று அழுகிறான், கிட்டே வரவில்லை. ஹுமாயூன் வண்டியை ஓரம் கட்டினார். ஊர்க்காரர்களோடு ஒரு மணி நேரம் பேசினார். பிறகு தன் ஊருக்குப் போன் போட்டு நாலு பேரை வரவழைத்து, அந்த ஆளை அடக்கம் செய்துவிட்டுத்தான் கிளம்பினார். அன்று வெங்காயம் ஏற்றவில்லை. விஷயம் பரவியதும் அப்புறம் யாரும் அவருக்கு வெங்காயம் ஏற்றவே இல்லை. பிணம் ஏற்றுகிற வண்டியில் சாப்பிடுகிற பொருளை ஏற்றுவார்களா என்றார்கள்.

ஆகஸ்டில் என் கடைக்கு வந்தார். 'கொரோனாவில் இறந்தவர்களை எந்த மதமானாலும் அடக்கம் செய்ய உதவுவோம்' என்று எழுதி, கீழே போன் நம்பர் பெரிதாகப் போட்டு, வண்டியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் வேண்டும் என்றார். நான் அவரைக் கடைப் படி ஏறவே விடவில்லை. "பாய், அங்கேயே நில்லுங்க" என்றேன். ஸ்டிக்கரை அடித்து, பேனர் தொங்கவிடும் நீளமான மூங்கில் கம்பில் மாட்டி ரோட்டுக்கு நீட்டினேன். அவர் கை நீட்டி எடுத்துக்கொண்டார். "சரிதான் சார், நீங்களும் புள்ளகுட்டிக்காரங்க" என்றார்.

ஏன் இந்த வேலை என்று கேட்டேன். சவூதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த அப்துல் சலாம் தூக்கத்திலேயே இறந்துபோனாராம். டேங்கர் நிற்கக் கூடாது என்று கம்பெனி லீவு தரவில்லை. இவர் லோடு இறக்கிவிட்டு வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து அப்துல் சலாமின் மனைவி போன் செய்து, "யாருண்ணே குளிப்பாட்டுனது? யாரு மண்ணு போட்டது?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரியல சார். அந்தப் புள்ளைக்கு இன்னும் நான் பதில் சொல்லல" என்றார் ஹுமாயூன்.

கேட்டதும் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அது உண்மை. இரக்கம் வந்த வேகத்திலேயே என் புத்தியில் சங்கமும் வந்து நின்றது. அதுவும் உண்மை.

சேவைச் சங்கத்தில் வேலை பாதி, அறிக்கை பாதி. நான் செயலாளர். மாதா மாதம் மாவட்டத் தலைமைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சேவைக்கும் சங்கத்தின் பேனரோடு படம் இருந்தால்தான் மதிப்பெண். பேனர் இல்லாமல் ஆயிரம் பேருக்குச் சோறு போட்டாலும் அது சேவைக் கணக்கில் வராது. கொரோனா வந்ததும் எங்கள் கூட்டமெல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டது. அசோக் தன் உரக்கடை மேசையில் சங்கத்து வெண்கல மணியை வைத்துக்கொண்டு டங்கென்று அடிப்பார், கூட்டம் தொடங்கும். இருபத்து மூன்று பேரும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி சேவை பேசுவோம். யாரும் வாசலைத் தாண்டவில்லை. பத்தொன்பது சங்கங்களில் நாங்கள் பதினாறாவது இடம். முதல் மூன்றுக்குள் வந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

கூட்டத்தை இணையத்தில் நடத்துவதும் நான்தான். யாருக்கு எப்போது பேச்சைத் திறப்பது, யாரை எப்போது மியூட் செய்வது என்பதெல்லாம் என் விரலில் இருந்தது. 'மியூட் பெனடிக்ட்' என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சங்கத்தில் பேசி ஹுமாயூனுக்குக் கையுறை நாலு டப்பாவும் முகக்கவசமும் வாங்கிக் கொடுத்தோம். கூடவே ஆறுக்கு நான்கு அளவில் ஒரு பேனர் அடித்தேன். 'மருதையாறு சேவைச் சங்கம் வழங்கும் கண்ணியமிகு நல்லடக்கச் சேவை.' இடது பக்கம் அசோக் படம், வலது பக்கம் என் படம். பதவியேற்பு விழாவில் எடுத்தது. இரண்டு பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"அடக்கம் பண்றப்ப இத விரிச்சுப் புடிச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க பாய்" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "மய்யித்து பக்கத்துலயா சார்? பொணத்துக்குப் பக்கத்துலயா?"

"மொகமெல்லாம் தெரிய வேணாம். குழி தெரிஞ்சா போதும், பேனர் தெரிஞ்சா போதும். போட்டோ போனாத்தான் ரிப்போர்ட் போகும். ரிப்போர்ட் போனாத்தான் அடுத்த டப்பா கையுறை வரும்."

இந்தக் கடைசி வாக்கியம் பச்சைப் பொய். கையுறைக்கும் அறிக்கைக்கும் சம்பந்தமே கிடையாது. அப்படிச் சொன்னால்தான் எடுப்பார் என்று தெரிந்தே சொன்னேன்.

எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு படத்திலும் வெள்ளை உடுப்பு மாட்டிய இரண்டு பேர், நடுவில் விரித்த பேனர், கீழே குழி. அக்டோபர் கூட்டத்தில் அந்தப் படங்களை எல்லோர் திரையிலும் காட்டினேன். சபாஷ் என்று கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. மேகலா மட்டும் பேச வேண்டும் என்று கை தூக்கினார். அரசுப் பள்ளி ஆசிரியை, அதிகம் பேசாதவர்.

"செயலாளர் சார், அந்தக் குழியில இருக்கிறவங்க யாருங்க?"

"கொரோனா நோயாளிங்க மேடம்."

"அது தெரியுது. பேரு என்னங்க? அவங்க வூட்டுல கேட்டுத்தான் இந்தப் படத்தப் போடுறோமா?"

நேரமாகிவிட்டது என்று சொல்லி எல்லோரையும் மியூட் செய்தேன். அசோக் மணி அடித்தார்.

அன்று சாயங்காலம் ஹுமாயூனைக் கூப்பிட்டுப் பெயர்களைக் கேட்டேன். அதுவரை பதினேழு பேர். ஒரு தாளையும் பார்க்காமல் வரிசையாகச் சொன்னார். யார், எந்த ஊர், பெண்ணா ஆணா, அடக்கத்தின்போது போனில் யார் அழுதார்கள், அழுதவர்களிடம் மறுநாள் தான் பேசியபோது அவர்கள் என்ன சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மறுநாள் அவரே கூப்பிடுவாராம், யார் குளிப்பாட்டினார்கள் யார் மண் போட்டார்கள் என்று சொல்வதற்கு. நான் பெயர்களை எழுதிக்கொண்டேன். அறிக்கைப் படிவத்தில் பெயருக்குக் கட்டம் இல்லை. எண்ணிக்கைக்குத்தான் இருந்தது. பதினேழு என்று போட்டு அனுப்பினேன், படங்களைச் சங்கத்தின் இணையப் பக்கத்திலும் ஏற்றினேன்.

2021 ஜனவரியில் மாவட்ட விருது விழா, அதுவும் ஆன்லைனில்தான், அதை இணையத்தில் நடத்திக்கொடுக்கும் பொறுப்பும் எனக்குத்தான். எங்களுக்கு மூன்றாம் இடம். ஹுமாயூனை இரண்டு வார்த்தை நன்றி சொல்ல அழைத்திருந்தோம். வண்டிக்குள் உட்கார்ந்தபடி சேர்ந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். சலாம் சொன்னார், கையுறைக்கு நன்றி சொன்னார். பிறகு, "சார், ஒரு விசயம். ரெண்டு வூட்டுல அந்தப் போட்டோவ வாட்ஸ்அப்புல பாத்துட்டு ரொம்ப அழுதுட்டாங்க. அந்தப் படத்த மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

மாவட்டத் தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மியூட்டை அழுத்தினேன். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தன் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை என்று தெரியாமல் அரை நிமிடம் பேசினார். முடிவில் கை எடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்புறம் போன் செய்தார். "நான் பேசுனது கேட்டுச்சா சார்? திடீர்னு அமைதியாப் போச்சே."

"உங்க பக்கம் டவர் இல்ல போல பாய்" என்றேன்.

"இருக்கும் சார்" என்றார்.

அந்த மே மாதம் என் அண்ணன் தேவசகாயம் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அண்ணன் அங்கே தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பதினாறு வயது மூத்தவர். அப்பா இறந்தபின் என்னைப் படிக்க வைத்தவர், கடை வைத்துக் கொடுத்தவர். அவருக்கும் அண்ணி ஏஞ்சல் மேரிக்கும் பிள்ளைகள் இல்லை. நான்தான் பிள்ளை மாதிரி. இரண்டு பேருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் இறந்தார். அண்ணி வீட்டில் தனியாக அடைபட்டிருந்தார். வெளியே வரக் கூடாது.

அண்ணி போனில் அழவில்லை. "தம்பி, மொகத்தப் பாக்க வுட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ஒடம்பத் துணியில கட்டி முடிஞ்சிருக்கும். ஃபாதர் செபம் சொல்லி மந்திரிப்பாருல்ல, அத மட்டும் போன்ல எனக்குக் கேக்க வையி. அவரு போறப்ப அந்தச் செபம் என் காதுல வுழுந்தா போதும். வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

"கட்டாயம் அண்ணி" என்றேன்.

தூக்க ஆள் வேண்டும். உறவினர்களுக்குப் போன் போட்டேன். சிலர் எடுக்கவில்லை, சிலர் எடுத்துவிட்டு இருமினார்கள். சங்கத்துக் குழுவில் செய்தி போட்டேன். இருபத்திரண்டு பேரும் ஆழ்ந்த இரங்கல் என்று பூ வைத்தார்கள். ஒருவரும் கிளம்பி வரவில்லை. நான் யாரைச் சொல்ல முடியும்? என் கடை வாசலில் மூங்கில் கம்பு இன்னும் சாத்தித்தான் இருந்தது.

ஹுமாயூனைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே அண்ணன் போன செய்தியைச் சொன்னேன். "சார், எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க. நான் வரேன்" என்றார்.

காலை பதினோரு மணிக்கு வண்டி கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தது. அவரும் அவருடைய நாலு பேரும் அந்த வெயிலில் வெள்ளை உடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். பெட்டியைக் கயிற்றில் இறக்க ஏற்பாடு செய்தார்கள். ஃபாதர் கையில் தீர்த்தச் செம்போடு பதினைந்தடி தள்ளி நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று, அண்ணியை வீடியோவில் கூப்பிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அண்ணி தலையில் முக்காடு போட்டு, கையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். படம் தெளிவாக வந்தது, சத்தமும் தெளிவாக வந்தது. வண்டிக்குள் ஹுமாயூனின் போன் அடித்துக்கொண்டிருந்தது. நான் அங்கே இருந்த நேரத்தில் மூன்று தடவை அடித்தது. வேறு யாரோ, வேறு எங்கோ, வேறு ஒரு சாவு.

ஃபாதர் புத்தகத்தைத் திறந்தார். அப்போது ஹுமாயூன் என்னைப் பார்த்துக் கேட்டார். முகக்கவசமும் கண்ணாடியும் மாட்டியிருந்ததால் சத்தமாகவே கேட்க வேண்டியிருந்தது.

"சார், பேனர் வண்டியில இருக்கு. விரிக்கணுமா?"

குத்திக்காட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குரலில் அதெல்லாம் துளியும் இல்லை. நான் வைத்த வழக்கம் அது. விரித்தால் கையுறை வரும், விரிக்காவிட்டால் வராது. அவருடைய ஆட்கள் நாலு பேரில் ஒருவர் கையில் உறைக்குப் பதில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

போனுக்குள்ளிருந்து அண்ணி கேட்டார். "என்ன பேனரு தம்பி?"

என் விரல் யோசிக்கவில்லை. மியூட்டை அழுத்தியது.

"வேணாம் பாய்" என்றேன் ஹுமாயூனிடம்.

"சரி சார். போட்டோ இல்லன்னு கையுறைய மட்டும் நிறுத்திடச் சொல்லாதீங்க. பசங்க வெறுங்கையா நிக்கிறாங்க."

ஃபாதர் செபத்தைத் தொடங்கினார். அண்ணி சொல்வது எனக்குக் கேட்டது. "தம்பி, சத்தம் வரல. தம்பி, ஃபாதர் வாய் அசையுது, சத்தம் வரல." ஒரு விரல் போதும், திறந்துவிடலாம். நான் திறக்கவில்லை. மறந்துபோகவில்லை, பதறிப்போய் விட்டுவிடவும் இல்லை. ஹுமாயூன் இன்னொரு முறை அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் அண்ணி காதில் விழுமே என்று பயந்தேன். சிரிக்கிற என் மூஞ்சியைக் குழிக்குக் குழி விரித்துக் காட்டியது என் அண்ணிக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அண்ணியின் குரல் தொந்தரவாக இருந்ததால் போனின் சத்தத்தையும் குறைத்தேன். ஃபாதர் செபத்தை முழுசாகச் சொன்னார். தீர்த்தம் தெளித்தார். திரையில் அண்ணி போனைக் காதில் வைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி காதில் வைத்தார். ஹுமாயூன் நிமிர்ந்து ஒரு தடவை என் போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தரையைப் பார்க்கவில்லை. அப்புறம் குனிந்து மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்தபின் மியூட்டை எடுத்தேன்.

"படம் வந்துச்சு தம்பி. செபந்தான் கேக்கல" என்றார் அண்ணி.

"இங்க டவர் இல்ல அண்ணி" என்றேன்.

அடுத்த வாரம் ஹுமாயூனுக்குப் பத்து டப்பா கையுறை வாங்கி அனுப்பினேன். நானே கொண்டுபோகவில்லை, ஆள் மூலம் அனுப்பினேன். பழைய படங்களை இணையத்தில் இருந்து எடுத்தேன். விருதுக் கேடயம் அசோக் கடையில் இருக்கிறது, அதை ஒன்றும் செய்யவில்லை. சங்கத்தில் இதையெல்லாம் சொல்ல இரண்டு கூட்டத்தில் வாயெடுத்தேன், இரண்டிலும் நன்றியுரை சொல்லி முடித்தேன்.

அண்ணனுடைய முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் அண்ணி போன் செய்தார். அந்த ஒரு மாதத்தில் முதல்முறையாகக் குரலில் தெம்பு இருந்தது.

"தம்பி, ஒன் சிநேகிதரு அந்த பாய் கூப்பிட்டாரு. அடக்கத்துக்கு மறுநாளும் பேசுனாரு, அப்ப எனக்குப் பேசத் தெம்பு இல்ல. இன்னைக்கு நானே கேட்டேன், அன்னைக்கு எனக்குச் செபம் கேக்கலியே, ஃபாதர் என்ன சொன்னாருன்னு. அவரு நம்ம ஃபாதர்கிட்டயே போன் போட்டுக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு, தான் காதுல வுழுந்ததையும் சேத்து, திரும்பக் கூப்பிட்டு எனக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. நம்ம செபத்த ஒரு வார்த்த தப்பில்லாம சொல்றாரு தம்பி. பேனருன்னு என்னமோ கேட்டீங்களேன்னேன். மழ வந்தா மூடுறதுக்கு அம்மான்னாரு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கேக்குறியா? ஒன்னப் பத்திக்கூட சொன்னாரு. அந்த எடத்துல டவர் கெடைக்காதும்மா, சார் மேல தப்பு இல்லன்னாரு. நான் எங்க ஒன் மேல தப்பு சொன்னேன்? டவர் இல்லாததுக்கு நீ என்ன தம்பி பண்ணுவ?"